நிறுத்தி வைத்த பழைய காரில் பேட்டரி இறங்குகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என்னிடம் இருப்பது 1998 மாடல், கார்புரேட்டர் வைத்த சின்ன கார். வாங்கிய புதிதில் இரண்டு நாள் நிறுத்தி வைத்தால் மூன்றாம் நாள் செல்ஃப் எடுக்காது. காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு ஒன்றரை மாதமும் தேவையில்லாமல் வாங்கிய ஒரு புது பேட்டரியும் ஆயின. அதற்கப்புறம் எங்கள் குடியிருப்பில் யாருக்கு வண்டி கிளம்பாவிட்டாலும் என் கதவைத்தான் தட்டுகிறார்கள். நான் மெக்கானிக் இல்லை. ஆனால் ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வருவதால், அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி வைத்திருக்கிறேன்.

பேட்டரி டவுன், பேட்டரி வீக், கரண்ட் லீக்னு ஆளுக்கொண்ணு சொல்றாங்க. எல்லாம் ஒண்ணுதானா?

இல்லை. காலையில் சாவியைத் திருப்பினால் 'டக் டக்' என்று மட்டும் சத்தம் வருவது விளைவு. அதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். பேட்டரிக்கு வயதாகி, ஏற்றிய சார்ஜைப் பிடித்து வைக்க முடியாமல் இருக்கலாம். ஓடும்போது ஆல்டர்னேட்டர் சரியாகச் சார்ஜ் ஏற்றாமல் இருக்கலாம் (நம்மூர் மெக்கானிக்குகள் பலர் இதையும் டைனமோ என்றே சொல்வார்கள்). அல்லது, சாவியை எடுத்த பிறகும் ஏதோ ஒன்று சத்தமில்லாமல் கரண்டைக் குடித்துக்கொண்டிருக்கலாம். இந்த மூன்றாவதைத்தான் லீக் என்கிறோம். இங்கே நான் எழுதியிருப்பது பெரும்பாலும் அதைப் பற்றித்தான்.

சாவியை எடுத்தாச்சு. அப்புறம் எப்படிங்க கரண்ட் போகும்?

சாவி எல்லாவற்றையும் அணைப்பதில்லை. கடிகாரம், ஸ்டீரியோவின் மெமரி, ரூம் லைட், டிக்கி லைட், பிரேக் லைட், பார்க்கிங் லைட், சென்ட்ரல் லாக் இவற்றுக்கெல்லாம் பெரும்பாலான கார்களில் பேட்டரியிலிருந்து நேர் லைன் போகிறது. பல கார்களில் ஹாரனும் அப்படித்தான். சாவி இல்லாமலும் இவை வேலை செய்ய வேண்டும் என்பதற்காகவே அந்த ஏற்பாடு.

ஆகவே நிறுத்தி வைத்த காரில் கொஞ்சம் கரண்ட் போவது இயல்பு. எவ்வளவு போகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

எவ்வளவு போனா பரவாயில்லை?

பொதுவாகச் சொல்லப்படும் எல்லை 50 மில்லி ஆம்பியர். கடிகாரமும் ஸ்டீரியோவும் மட்டும் உள்ள பழைய காரில் 10 முதல் 30 வரை இருந்தாலே போதும். பின்னால் பொருத்திய அலாரம் இருந்தால் இன்னொரு 20, 30 கூடலாம்.

கணக்கு எளிது. சின்ன கார்களில் வழக்கமாக இருப்பது 35 ஆம்பியர்-மணி பேட்டரி. 50 மில்லி ஆம்பியர் போனால் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி. பாதி காலியாகவே இரண்டு வாரம் ஆகும். இதையே ஒரு 5 வாட் ரூம் பல்பு எரிந்துகொண்டிருந்தால் என்று போட்டுப் பாருங்கள்: சுமார் 0.4 ஆம்பியர், நாளைக்கு 10 ஆம்பியர்-மணி. இரண்டே நாளில் பாதிக்கு மேல் போய்விடும், செல்ஃப் எடுக்காது. உங்கள் கார் எத்தனை நாளில் படுக்கிறது என்று எண்ணினாலே, தேடுகிற பொருள் பெரியதா சிறியதா என்று ஓரளவு தெரிந்துவிடும்.

எதுக்கு இவ்வளவு? ஒரு புது பேட்டரி வாங்கிப் போட்டா முடிஞ்சுடாதா?

நானும் அப்படித்தான் நினைத்தேன். புது பேட்டரி ஒரு வாரம் நன்றாக இருந்தது. நான் அந்த வாரம் தினமும் வண்டியை எடுத்ததுதான் காரணம் என்று பிறகுதான் புரிந்தது. மூன்று நாள் வெளியூர் போய்த் திரும்பினால் பழைய கதை.

இன்னொரு நஷ்டமும் உண்டு. கார் பேட்டரி அடிமட்டம் வரை இறங்குவதற்காகச் செய்யப்பட்டதல்ல. ஒரே தடவையில் நிறைய கரண்டைக் கொடுத்து, உடனே ஏற்றிக்கொள்வதற்காகச் செய்தது. காலியாகவே கிடந்தால் உள்ளே தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும், கொள்ளளவு குறைந்துவிடும். லீக்கை விட்டுவிட்டு பேட்டரியை மாற்றினால் புது பேட்டரியையும் சேர்த்துக் கெடுக்கிறீர்கள்.

மீட்டர் எதுவும் இல்லாம, பேட்டரி கெட்டதா லீக்கான்னு கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். பேட்டரியை முழுதாகச் சார்ஜ் போட்டு வாங்குங்கள். அன்று இரவு மைனஸ் கேபிளைக் கழற்றி, அதன் முனை பேட்டரியைத் தொடாதபடி ஒரு துணியைச் சுற்றி ஒதுக்கி வையுங்கள். வழக்கமாக எத்தனை நாளில் படுக்குமோ அத்தனை நாள் அப்படியே விடுங்கள். திரும்ப மாட்டியதும் ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆனால் பேட்டரி நல்லது, பெரும்பாலும் வண்டியில்தான் லீக். கேபிள் கழற்றிய நிலையிலும் இறங்கியிருந்தால் பேட்டரிதான் போய்விட்டது.

செலவில்லாத சோதனை இது. மற்ற எதையும் தொடுவதற்கு முன்னால் இதைச் செய்யச் சொல்லித்தான் எல்லோரிடமும் கெஞ்சுகிறேன். யாரும் செய்வதில்லை.

அது ஏன் மைனஸ்? பிளஸ்ஸைக் கழட்டினா என்ன?

காரின் உடம்பு முழுவதும் மைனஸோடு சேர்ந்த எர்த். பிளஸ்ஸைக் கழற்றும்போது ஸ்பேனரின் மறுமுனை பானட்டிலோ ஃபெண்டரிலோ பட்டால் நேரடி ஷார்ட். தீப்பொறி பறக்கும், ஸ்பேனர் ஒட்டிக்கொள்ளும், கை வெந்துவிடும். மைனஸைக் கழற்றும்போது ஸ்பேனர் காரின் உடம்பில் எங்கே பட்டாலும் ஒன்றும் ஆகாது, பிளஸ் கம்பத்தில் மட்டும் படக் கூடாது. கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். மோதிரம், வளையல், உலோகப் பட்டை வாட்ச் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு வேலையில் இறங்குங்கள்.

சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஒரு கண்ணாடியையும் இறக்கி வையுங்கள். கேபிளைத் திரும்ப மாட்டும்போது சில கார்களில் சென்ட்ரல் லாக் தானாக விழுந்துவிடும். சாவி உள்ளே, நாம் வெளியே என்றால் அது வேறு கதை.

மீட்டர் எது வாங்கணும்? விலை அதிகமா?

எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். டிசி (பேட்டரி தரும் ஒரே திசை கரண்ட்) ஆம்பியர் அளக்கும் '10ஏ' துளை அதில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். மில்லி ஆம்பியர் அளக்கத் தனியாக இன்னொரு துளை இருக்கும். அதற்குள் 200 அல்லது 400 மில்லி ஆம்பியருக்கான சின்ன ஃபியூஸ் இருக்கும். எடுத்த எடுப்பில் அதில் வைத்தால் ஃபியூஸ் போய்விடும், மீட்டர் பூஜ்யம் காட்டும், நீங்கள் 'லீக்கே இல்லை' என்று சந்தோஷப்படுவீர்கள். எனவே எப்போதும் முதலில் 10ஏ.

விலை குறைந்த மீட்டர்களில் 10ஏ துளைக்கு ஃபியூஸே இருக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். அடுத்த பதிலை நிதானமாகப் படிக்கச் சொல்வது அதனால்தான்.

சரி, மீட்டர் வந்தாச்சு. எப்படி மாட்டணும்?

சாவியை எடுங்கள். பானட்டைத் திறந்து வையுங்கள், அதில் லைட் இருந்தால் பல்பைக் கழற்றிவிடுங்கள். கதவுகளை மூடுங்கள். உள்ளே ஃபியூஸ் பெட்டியைத் தொட வேண்டியிருந்தால் ஓட்டுநர் கதவு திறந்துதான் இருக்கும். அப்போது கதவுத் தூணில் உள்ள அந்தக் குமிழ் சுவிட்சை அமுக்கி டேப் ஒட்டிவிடுங்கள், கார் 'கதவு மூடியிருக்கிறது' என்று நம்பட்டும்.

மைனஸ் கேபிளைக் கழற்றுங்கள். மீட்டரின் சிவப்பு ஒயரை 10ஏ துளையிலும் கறுப்பை 'காம்' துளையிலும் செருகி, திருகியை டிசி 10 ஆம்பியருக்குத் திருப்புங்கள். சிவப்பு முனை கழற்றிய கேபிளில், கறுப்பு முனை பேட்டரியின் மைனஸ் கம்பத்தில். இப்போது கார் குடிக்கிற கரண்ட் முழுதும் மீட்டர் வழியாகத்தான் போகும். மீட்டர் 0.03 காட்டினால் 30 மில்லி ஆம்பியர், 0.40 காட்டினால் 400.

மீட்டர் இந்த நிலையில் இருக்கும்போது வண்டியை ஸ்டார்ட் செய்யவே கூடாது. செல்ஃப் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும், மீட்டர் கருகிவிடும். ஹெட்லைட்டும் போடாதீர்கள், இரண்டும் சேர்ந்தால் பத்து ஆம்பியரை நெருங்கும். வேலை முடிந்ததும் சிவப்பு ஒயரை உடனே வோல்ட் துளைக்கு மாற்றிவிடுங்கள். 10ஏ துளையிலேயே விட்டுவிட்டு, அடுத்த நாள் வோல்ட் பார்க்கலாம் என்று பேட்டரியின் இரு கம்பங்களிலும் முனைகளை வைத்தால், பேட்டரியை நேரடியாக ஷார்ட் செய்கிறீர்கள் என்று அர்த்தம். மீட்டரை எரித்த ஆட்களில் பாதிப்பேர் இப்படித்தான் எரித்திருப்பார்கள் என்பது என் ஊகம். நானும் அதில் ஒருவன்.

மைனஸைத் திரும்ப மாட்டும்போது சின்னதா ஸ்பார்க் வருது. அப்ப லீக் உறுதிதானே?

உறுதி இல்லை. ஸ்டீரியோ, ஆம்ப்ளிஃபயர் போன்றவற்றுக்குள் இருக்கும் கெபாசிட்டர்கள் காலியாக இருந்து, மாட்டியவுடன் ஒரு மடக்கு குடிக்கும். அந்தப் பொறி இயல்பு. ஒரு தடவை மட்டும் வந்து நின்றுவிட்டால் கவலை வேண்டாம். ஒவ்வொரு தொடுதலுக்கும் பளிச் பளிச்சென்று வந்தால் எங்கோ பெரிதாகப் போகிறது. எப்படியும் ஸ்பார்க்கைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், மீட்டரைப் பாருங்கள். சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும் பேட்டரிக்குப் பக்கத்தில் பொறி வரவே கூடாது, அதிலிருந்து ஹைட்ரஜன் வரும்.

மீட்டர் வச்சதும் 2 ஆம்பியர் காட்டுச்சு, பயந்துட்டேன். கொஞ்ச நேரத்துல தானா குறைஞ்சுடுச்சு. என்ன அது?

2000-க்குப் பிறகு வந்த பல கார்களில் சென்ட்ரல் லாக், இம்மொபிலைசர் (திருட்டைத் தடுக்கும் பூட்டு), இன்ஜின் கணினி எல்லாம் கேபிளை மாட்டியதும் ஒருமுறை விழித்துக்கொள்ளும். அவை திரும்பத் தூங்கப் போக 20, 30 நிமிடம் ஆகலாம். அதுவரை காத்திருந்து பிறகு எண்ணைப் பாருங்கள். என்னுடையது போன்ற கார்புரேட்டர் கார்களில் தூங்குவதற்கும் விழிப்பதற்கும் யாரும் இல்லை. ஐந்து நிமிடத்தில் எண் நிலைத்துவிடும்.

300 மில்லி ஆம்பியர் போகுது. இனி எங்கே தேடறது?

இப்போது ஃபியூஸ் பெட்டி. மீட்டரை அப்படியே விட்டு, ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். ஒன்றைப் பிடுங்கியதும் எண் சட்டென்று விழுந்தால் அந்த லைனில்தான் திருடன் இருக்கிறான். பக்கத்தில் ஒருவர் மீட்டரைப் பார்த்து எண்ணைச் சத்தமாகச் சொன்னால் வேலை பாதியாகும். எங்கள் வீட்டில் அது என் பையனின் வேலை. பிடுங்குவதற்கு முன்னால் பெட்டியைச் செல்போனில் படம் எடுத்துவிடுங்கள்.

ஃபியூஸ் கிடைத்தால் தேடல் முடிந்துவிடவில்லை. பழைய கார்களில் ஒரே ஃபியூஸில் ரூம் லைட், டிக்கி லைட், கடிகாரம், ஸ்டீரியோ மெமரி எல்லாம் கூட்டுக்குடும்பமாக இருக்கும். ஃபியூஸைத் திரும்பச் செருகிவிட்டு அந்தக் குடும்பத்தில் ஒவ்வொருவராகக் கழற்றுங்கள். முதலில் பல்புகள், அப்புறம் ஸ்டீரியோவின் பின்பக்க சாக்கெட், அப்புறம் சென்ட்ரல் லாக் பெட்டி. எதைக் கழற்றும்போது எண் இறங்குகிறதோ அதுதான்.

புது காருங்க, ஃபியூஸைப் பிடுங்கிச் செருகினா மறுபடி எல்லாம் முழிச்சுக்குது. வேற வழி இருக்கா?

இருக்கிறது. பிடுங்கவே வேண்டாம். ஃபியூஸின் முதுகில் இரண்டு சின்ன உலோகப் புள்ளிகள் தெரியும். மீட்டரை 200 மில்லிவோல்ட் அளவுக்குத் திருப்பி (சிவப்பு ஒயர் வோல்ட் துளையில் இருக்கிறதா என்று பாருங்கள்), அந்த இரு புள்ளிகளிலும் முனைகளை வையுங்கள். கரண்ட் ஓடாத ஃபியூஸில் 0.0 காட்டும். ஓடினால் மிகச் சிறிய எண் ஒன்று வரும். 10 ஆம்பியர் ஃபியூஸில் 0.7, 0.8 மில்லிவோல்ட் வந்தால் ஏறத்தாழ 100 மில்லி ஆம்பியர் போகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

இதற்குப் பேட்டரி கேபிளைக் கழற்றவே தேவையில்லை என்பதுதான் இதன் அழகு. கண்ணாடிக் குழாய் ஃபியூஸ் உள்ள பழைய வண்டிகளிலும் இரு முனைத் தொப்பிகளில் வைத்துப் பார்க்கலாம். ஆனால் அங்கே துரு நிறைய இருக்கும், முதலில் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள்.

எல்லா ஃபியூஸையும் பிடுங்கிட்டேன். இன்னும் 400 காட்டுது. பேய் ஏதாவதா?

என் காரில் நடந்தது இதேதான். பெட்டியில் ஒரு ஃபியூஸ் கூட மிச்சமில்லை, எண் அசையவில்லை. ஃபியூஸ் பெட்டியைத் தொடாமலே பேட்டரியிலிருந்து நேராகப் போகும் லைன்கள் உண்டு. ஆல்டர்னேட்டருக்கும் செல்ஃப் மோட்டாருக்கும் போகும் தடித்த கேபிள்கள் ஒன்று. பிற்பாடு யாராவது இழுத்த லைன்கள் மற்றொன்று. பேட்டரி பிளஸ் கிளிப்பில் எத்தனை ஒயர் சேர்கிறது என்று எண்ணுங்கள். கம்பெனி கொடுத்ததற்கு மேல் ஒன்று இருந்தாலும் அதைப் பின்தொடருங்கள்.

என் காரில் அப்படி ஒரு சிவப்பு ஒயர் கார்பெட்டுக்கு அடியில் போனது. கடைசியில் பின் சீட்டுக்குக் கீழே கையை விட்டால் இளஞ்சூடாக ஒரு பெட்டி. முந்தைய உரிமையாளர் மாட்டிய ஆம்ப்ளிஃபயர். ஸ்பீக்கரைக் கழற்றிக்கொண்டு போனவர் ஆம்ப்ளிஃபயரை விட்டுவிட்டார். பாட்டு இல்லாமலே அது இரவும் பகலும் விழித்திருந்தது. பழைய காரில் லீக் என்றால் எனக்கு முதல் சந்தேகம் எப்போதும் பின்னால் வந்த மனிதக் கைகள் மீதுதான். கம்பெனி ஒயரிங் இருபத்தைந்து வருடம் தாங்கியிருக்கும். டேப் சுற்றிய ஜாயிண்ட் தாங்காது.

ஆல்டர்னேட்டரே கரண்ட் குடிக்கும்னு சொல்றாங்களே, நம்பலாமா?

நம்பலாம். ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும் டயோடுகள் கரண்டை ஒரே திசையில்தான் விடும். வண்டி ஓடும்போது உள்ளிருந்து பேட்டரிக்குப் போகும், நின்றபின் திரும்பி வராது. ஒரு டயோடு பழுதானால் கதவு திறந்துகொள்கிறது. காலையில், வண்டியை எடுப்பதற்கு முன்னால், ஆல்டர்னேட்டரின் பின்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். இன்ஜின் ஜில்லென்று இருக்க அது மட்டும் வெதுவெதுப்பாக இருந்தால் ஏறக்குறைய உறுதி.

முழு உறுதிக்கு, மைனஸைக் கழற்றிவிட்டு ஆல்டர்னேட்டரின் தடித்த பிளஸ் கேபிளைக் கழற்றி, அதன் முனையை நன்றாக டேப் சுற்றி ஒதுக்குங்கள். மீட்டரை மறுபடி மாட்டிப் பாருங்கள். எண் விழுந்துவிட்டால் டயோடு பிளேட்டை மாற்ற வேண்டும். முழு ஆல்டர்னேட்டரையும் மாற்றச் சொன்னால், பிளேட் மட்டும் மாற்றித் தரும் ஆட்டோ எலக்ட்ரீஷியனைத் தேடுங்கள். அந்த கேபிள் கழன்ற நிலையில் இன்ஜினை ஓட விடாதீர்கள். நிஜமான டைனமோ வைத்த அந்தக் காலத்து வண்டி என்றால், டயோடுக்குப் பதிலாக அங்கே கட்-அவுட் (வண்டி நின்றதும் டைனமோவைப் பேட்டரியிலிருந்து பிரித்துவிடும் தானியங்கி சுவிட்ச்) இருக்கும். அதன் பாயிண்ட் ஒட்டிக்கொண்டால் இதே கதைதான், இன்னும் வேகமாக.

டயோடு பார்க்க மீட்டரை ஏசியில வச்சு அளக்கச் சொன்னாங்க. 30 வோல்ட் காட்டுது! ஆல்டர்னேட்டர் வெடிச்சுடுமா?

வெடிக்காது. இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் ஏசி (திசை மாறி மாறி ஓடும் கரண்ட், காரைக் குளிர்விக்கும் ஏசி இல்லை) அரை வோல்ட்டுக்கு மேல் இருந்தால் டயோடைச் சந்தேகிக்கலாம் என்பது சரியான முறைதான். ஆனால் மலிவு மீட்டர்கள் பல டிசியை ஏசி என்று தப்பாகப் படிக்கும். ஒரு பக்கம் இரண்டு மடங்குக்கு மேல் காட்டும், முனைகளை மாற்றி வைத்தால் பூஜ்யம் காட்டும். உங்கள் மீட்டரை இன்ஜினை அணைத்துவிட்டு ஒருமுறை ஏசியில் வைத்துப் பாருங்கள். அப்போதும் ஏதோ எண் வந்தால் அந்த மீட்டரால் இந்தச் சோதனை செய்ய முடியாது. தொட்டுப் பார்க்கும் முறையே போதும்.

புது ஸ்டீரியோ மாட்டின நாள்லேர்ந்துதான் பிரச்சனை. ஆனா கடைக்காரர் 'எங்க வேலை பர்ஃபெக்ட்'ங்கறார்.

ஸ்டீரியோவின் ஒயர்களில் மஞ்சள் மெமரிக்கு, எப்போதும் கரண்ட் இருக்கும். சிவப்பு சாவிக்கு, சாவி திருப்பினால்தான் வர வேண்டும். கறுப்பு எர்த். 'சாவி இல்லாமலே பாட்டு கேட்கணும்' என்று யாராவது கேட்டிருந்தால் சிவப்பையும் மஞ்சளையும் ஒன்றாக முறுக்கிவிடுவார்கள். சாவியை எடுத்த பிறகு ஸ்டீரியோ தானாக அணைகிறதா என்று பாருங்கள். அணையாவிட்டால் அதுதான் காரணம். முகப்பு அணைந்தாலும் உள்ளே முழுதாக விழித்திருக்கக் கூடும். ஆம்ப்ளிஃபயரை எழுப்பும் நீல ஒயரையும் இப்படி எப்போதும் உள்ள லைனில் கொடுத்துவிட்டால் என் பின் சீட்டுக் கதைதான்.

டேஷ்கேம், ஜிபிஎஸ் டிராக்கர், சார்ஜர் சாக்கெட்டில் செருகியே கிடக்கும் போன் சார்ஜர் எல்லாம் இதே வகை. ஒவ்வொன்றும் கொஞ்சம்தான் குடிக்கும், நான்கு சேர்ந்தால் 50-ஐத் தாண்டிவிடும்.

ஒரே ராத்திரில சுத்தமா காலி. அவ்வளவு வேகமா எது குடிக்கும்?

பின்பக்கம் போய் பிரேக் லைட்டைப் பாருங்கள். பிரேக் பெடலுக்கு மேலே உள்ள சுவிட்சை அமுக்கிப் பிடிக்க, பெடலில் சின்ன ரப்பர் அல்லது பிளாஸ்டிக் பொத்தான் ஒன்று இருக்கும். வருடங்கள் ஆக ஆக அது நொறுங்கி விழும். சுவிட்ச் விடுபட்டு, நீங்கள் பெடலை மிதித்திருப்பதாகவே வண்டி நினைக்கும். இரண்டு 21 வாட் பல்புகள் என்றால் 3.5 ஆம்பியர், 35 ஆம்பியர்-மணி பேட்டரி பத்து மணி நேரத்தில் காலி. எதிர் பிளாக்கில் ஒருவருக்கு இதுதான் நடந்தது. சுவரை ஒட்டிப் பின்பக்கமாக நிறுத்துவார், அதனால் சிவப்பு வெளிச்சம் யார் கண்ணிலும் படவில்லை. ஓட்டுநர் மிதியடிமேல் பிளாஸ்டிக் துணுக்குகள் கிடந்தால் தூக்கி எறியாதீர்கள், அதுதான் சாட்சி.

டிக்கி மூடினப்புறம் உள்ளே லைட் அணையுதா எரியுதான்னு எப்படிப் பார்க்கிறது? உள்ளே உட்காரவா முடியும்?

செல்போனில் வீடியோவைப் போட்டு உள்ளே வைத்து மூடுங்கள். டேஷ்போர்டு அறையில் லைட் இருந்தால் அங்கும் இதே வழி. அரை நிமிடம் போதும்.

எங்க மெக்கானிக் பல்பு வச்சுப் பார்த்துட்டு லீக்கே இல்லைன்னுட்டார். மீட்டர் 150 காட்டுது. யார் சொல்றது சரி?

மீட்டர். டெஸ்ட் லேம்ப் நல்ல பழைய முறைதான். மைனஸ் கம்பத்துக்கும் கழற்றிய கேபிளுக்கும் நடுவில் பல்பை வைப்பார்கள், பளிச்சென்று எரிந்தால் பெரிய லீக். ஆனால் 21 வாட் பல்பு ஒளிர்வதற்கே நிறைய கரண்ட் வேண்டும், 150 மில்லி ஆம்பியரில் அது கண் விழிக்காது. 5 வாட் பல்பு என்றால் இருட்டில் லேசாகச் சிவக்கலாம்.

நான் பல்பை வேறொன்றுக்குப் பயன்படுத்துகிறேன். மீட்டரை மாட்டுவதற்கு முன் பல்பை வைத்துப் பார்ப்பேன். பளிச்சென்று எரிந்தால் மீட்டர் தப்பித்தது.

சில நாள் ஒண்ணும் ஆகாது, சில நாள் மட்டும் காலையில செத்துக் கிடக்கு. அளந்தா 20தான் காட்டுது. இதை எப்படிப் பிடிக்கிறது?

இதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம், இதற்குக் குறுக்கு வழி எனக்குத் தெரிந்து இல்லை. ஒரு நோட்டில் எழுதுங்கள்: முந்தின நாள் மழையா, யார் ஓட்டினார்கள், பின் கதவைத் திறந்தார்களா, டிக்கியில் சாமான் வைத்தார்களா. நான்கைந்து முறையில் ஒரு ஒழுங்கு தெரியும். மழைக்குப் பின் மட்டும் என்றால் கனெக்டரில் தண்ணீர், அல்லது வைப்பர் அடியிலிருந்து ஃபியூஸ் பெட்டிக்குக் கசிவு. பின் கதவு என்றால் குமிழ் சுவிட்ச் துருப்பிடித்து, கதவை மூடினாலும் சரியாக அமுங்காமல் நிற்கிறது. நீண்ட ஓட்டத்துக்குப் பின் மட்டும் என்றால் சூட்டில் ஒட்டிக்கொள்ளும் ரிலேயை (கரண்டால் இயங்கும் சின்ன சுவிட்ச் பெட்டி) சந்தேகியுங்கள். நிறுத்தி ஒரு மணி நேரம் கழித்து ரிலேக்களை விரலால் தொட்டுப் பாருங்கள். வேலையில்லாமல் சூடாக இருப்பது எதுவோ அதை, அதே எண் உள்ள பக்கத்து ரிலேயோடு மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டர் யாரிடமாவது இருந்தால் கடன் வாங்குங்கள். மைனஸ் கேபிளைக் கழற்றாமலே சுற்றிக் கவ்வினால் போதும், நாளுக்கு இரண்டு தடவை பார்க்கலாம். ஆனால் 100 மில்லி ஆம்பியருக்குக் கீழே அதன் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம்.

பேட்டரி மேல வெள்ளையும் பச்சையுமா பூத்திருக்கு. அதுவும் லீக்தானா?

ஒரு வகையில் ஆமாம். அமில ஈரமும் தூசியும் சேர்ந்து பேட்டரியின் தலையிலேயே பிளஸ்ஸிலிருந்து மைனஸுக்குப் பாதை போட்டுவிடும். மீட்டரை வோல்ட்டில் வைத்து, கறுப்பை மைனஸ் கம்பத்திலும் சிவப்பை வெறும் பிளாஸ்டிக் மூடியிலும் தேய்த்துப் பாருங்கள், ஒரு வோல்ட் இரண்டு வோல்ட் காட்டினால் அழுக்கு வழியாகப் போகிறது. ஆப்பச் சோடாவைத் தண்ணீரில் கரைத்துப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். செல் மூடிகள் இறுக்கமாக இருக்கட்டும், சோடாத் தண்ணீர் உள்ளே போகக் கூடாது. காய்ந்ததும் கம்பங்களில் கொஞ்சம் வாஸ்லின்.

கண்டுபிடிக்க நேரமில்லை. பேசாம ஒரு கட்-ஆஃப் சுவிட்ச் போட்டுடவா?

போடலாம். லாரிகளில் உள்ளது போல மைனஸ் கேபிளில் ஒரு சுவிட்ச். கடிகாரம் தினமும் பன்னிரண்டு மணியிலிருந்து தொடங்கும், ஸ்டீரியோ சேனல்களை மறந்துவிடும், அலாரம் இருந்தால் வேலை செய்யாது. வாரம் ஒருமுறை எடுக்கும் வண்டிக்கு இது கெட்ட யோசனை இல்லை. ஆனால் லீக் பெரிதாக இருந்தால் முதலில் அதைக் கண்டுபிடியுங்கள். ஒயரின் தோல் உரிந்து உடம்பில் உரசுவதாக இருந்தால், வண்டியை ஓட்டும்போது சுவிட்ச் போட்டபடிதானே இருக்கும்? அது பேட்டரிப் பிரச்சனையாக நிற்காது, தீப்பிடிக்கும்.

பெரிய பேட்டரி போடுவது பற்றியும் கேட்கிறார்கள். இரண்டு நாள் மூன்று நாளாகும், அவ்வளவுதான்.

எல்லாம் பண்ணியாச்சு. 25 மில்லி ஆம்பியர்தான் போகுது. பேட்டரியும் புதுசு. ஆனாலும் பத்து நாளைக்கு ஒரு தடவை படுத்துடுது. இப்ப என்ன சொல்றீங்க?

அப்படியானால் செலவு சரி, வரவைப் பாருங்கள். இரவு நிறுத்தி, காலையில் எடுப்பதற்கு முன் பேட்டரி வோல்ட்டை அளங்கள். 12.6 என்றால் நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதிதான். 12-க்குக் கீழே என்றால் பட்டினி. அப்புறம் இன்ஜினை ஓட விட்டு அளங்கள், 13.8-லிருந்து 14.5-க்குள் இருக்க வேண்டும். ஹெட்லைட்டும் ஏசியும் போட்டபின் 13-க்கும் கீழே விழுந்தால் பெல்ட் தளர்ந்திருக்கிறது அல்லது ஆல்டர்னேட்டருக்கு வயதாகிவிட்டது. எர்த் கேபிள் உடம்போடு சேரும் இடத்தில் துரு இருந்தாலும் இப்படி ஆகும். அதைக் கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது பத்து நிமிட வேலை.

எல்லாமே சரியாக இருந்தால் உங்கள் ஓட்டம்தான் காரணம். இந்தக் கேள்வியைக் கேட்டவர் வீட்டிலிருந்து ஒன்றரை கிலோமீட்டரில் உள்ள ஸ்கூலுக்குப் போய் வருவார், அதுவும் ஏசி போட்டுக்கொண்டு, சிக்னலில் நின்று நின்று. ஸ்டார்ட் செய்யும்போது எடுத்ததைத் திரும்ப வைப்பதற்குள் வண்டி வீட்டுக்கு வந்துவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் பைபாஸில் ஓட்டச் சொன்னேன். பெட்ரோல் விலை தெரியுமா என்று கேட்டார். இப்போது மாதம் ஒருமுறை சார்ஜர் போடுகிறார், வண்டி கிளம்புகிறது.